ரொட்டியும் தடையரணும்

விக்டர் ஹ்யூகோவின் பெருநாவலைப் பற்றிப் பேச்செடுத்தால், "ரொட்டி திருடியவன் கதைதானே?" என்று கேட்பவர்களே நம்மவரில் அதிகம். அதுதான், ஆனால் அது பாதிக் கதை.

பசித்த குழந்தைகளுக்காக ஒரு ரொட்டியைத் திருடியவனுக்கு 5 ஆண்டு தண்டனை. தப்பியோட முயன்றதற்கு மேலும் 14 ஆண்டு. மஞ்சள் நிற அனுமதிச் சீட்டோடு வெளியே வருகிறவனுக்கு, அவன் யாரென்று தெரிந்ததும், சத்திரக் கதவுகள் அடைபடுகின்றன. "எந்த ஊர்? யார் ஜாமீன்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே வாடகை அறை தேடிய நமக்கு அந்த இரவை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மறு பாதி 1832 ஜூன் 5, 6 தேதிகளில் பாரிஸ் தெருக்களில் நடக்கிறது. இதை 1789 புரட்சி என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு, அல்ல. ஜெனரல் லமார்க்கின் சவ ஊர்வலத்தில் மூண்டு, இரண்டே நாளில் நசுக்கப்பட்ட எழுச்சி இது. தோட்டா பொறுக்கப் போன சிறுவன் கவ்ரோஷ் அங்கேதான் சுடப்பட்டுச் சாகிறான்.

திரைக்கு வரும்போது இந்தப் பாதிதான் சுருங்குகிறது. 1934-ல் பிரான்சில் ரேமோன் பெர்னார் மூன்று பாகங்களாக, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்து, தடையரணுக்கு உரிய இடம் கொடுத்தார். மறு ஆண்டே ஹாலிவுட் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக முடித்துக்கொண்டது; துரத்திய போலீஸ் அதிகாரி ஜாவர் ஆற்றில் மாய்ந்ததும் படமும் முடிகிறது. நமக்குச் சுத்தானந்த பாரதியார் மொழிபெயர்ப்பின் வழியே 1950-ல் 'ஏழை படும் பாடு' கிடைத்தது. கே. ராம்நாத் இயக்கம், நாகையா நடிப்பு. நல்ல படம். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது: ரொட்டி திருடிய கந்தனின் பெயர் நாகையாவுக்கு ஒட்டவில்லை, துரத்தியவனின் பெயர் சீதாராமனுக்கு ஒட்டியது. கடைசிவரை அவர் 'ஜாவர்' சீதாராமன்தான்.

ஹ்யூகோவையும் சும்மா விடுவதற்கில்லை. 1848 ஜூனில் தொழிலாளர் எழுந்தபோது, மக்கள் பிரதிநிதியாயிருந்த அவர் அதை அடக்கிய பக்கம் நின்றவர். பிறகு 1851-ல் நாடு விட்டு ஓடி, கெர்ன்சித் தீவில் இருந்துகொண்டுதான் 1862-ல் இந்நூலை வெளியிட்டார். தடையரணைப் பற்றி எழுதும் கையில் ஒரு நடுக்கம் தெரிகிறதென்றால், காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

2019-ல் லாஜ் லி நாவலின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு படம் செய்தார். இடம் மோன்ஃபெர்மெய், நாவலில் சிறுமி கோசெத் தண்ணீர் சுமந்த அதே ஊர். இப்போது அங்கே அடுக்குமாடிகளில் இருப்பது பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். மாடிப்படியின் மேலே தீப்பற்றிய புட்டியோடு ஒரு சிறுவன், கீழே துப்பாக்கியை நீட்டியபடி ஒரு போலீஸ்காரர். யார் கை முந்தியது என்று காட்டாமலே திரை இருண்டுவிடுகிறது.