பொத்தான் பழக ஒரு பட்டமா?

தன் துறைப் பாடங்களுக்கு மேல் 18 கிரெடிட், அதாவது ஏறக்குறைய ஆறு தாள், வேறொரு துறையில் படித்தால் பொறியியல் மாணவரின் பட்டத்தோடு ‘மைனர்’ என்ற தகுதியும் சேரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை திறந்துவிட்ட வழி இது. கணினி வரைகலையும் காட்சிப்படுத்தலும் அந்த வழியாக சிவில், மெக்கானிக்கல், பயோமெடிக்கல் மாணவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். ஆனால், இன்று ‘கிராபிக்ஸ்’ என்ற பெயரில் நடப்பதையே ஆறு தாளாக நறுக்கித் தருவதானால், வேண்டாம்.

ஒரு பக்கம், கணினித் துறைக்கான ‘கிரியேட்டிவ் மீடியா’ விருப்பப்பாடத் தொகுப்பு. அனிமேஷன், வீடியோ எடிட்டிங், விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று போகும் அந்தப் பட்டியலில் டிஜிட்டல் மார்க்கெட்டிங்கும் இருக்கிறது! இன்னொரு பக்கம், பழைய வரைகலைத் தாள். 1960களில் பிரெசன்ஹாம் பிளாட்டருக்காக எழுதிய கோடு வரையும் முறையை மனப்பாடம் செய்து, 13 மார்க்குக்கு விடைத்தாளில் இறக்கிவைத்தவர்கள் ஏராளம். திரையில் ஒரு கோடுகூட வராமலே வரைகலையில் தேறியவர்களும் அவர்களில் உண்டு.

மென்பொருள் பயிற்சி கொடுத்தால் வேலை நிச்சயம் என்கிறார்கள். ஆனால், ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்காக 2013இல் ஆஸ்கர் மேடை ஏறியபோது ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தது. 2025 பிப்ரவரியில் அதே துறையைச் சேர்ந்த டெக்னிகலர் சரிந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் திடீரென்று தெருவில் நின்றார்கள். ஒரு மென்பொருளின் பொத்தான்களை மட்டும் அறிந்தவர் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவார்? அணிக்கணிதம் கைவந்தவருக்குக் கதவுகள் உண்டு. விளையாட்டுகளுக்குப் படம் வரைய வந்த ஜிபியுவில்தான் இன்றைய செயற்கை நுண்ணறிவும் ஓடுகிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது அதே அணிப் பெருக்கல். கெய்லி–ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்க்கும் மாணவர் ‘இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்டால், 1975இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் எண்களாக்கிய தேநீர்க் கெண்டியை ஒரு 4×4 அணியால் சுழற்றிக் காட்டலாம். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

துறை தாண்டுவதும் நமக்குப் புதிதல்ல. கோலங்களுக்கு இலக்கணம் வகுத்த கட்டுரை ஒன்று 1974இல் ‘கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் அண்ட் இமேஜ் பிராசஸிங்’ ஆய்விதழில் வெளிவந்தது. எழுதியவர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் துறையில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, கல்வெட்டு எழுத்துகளையும் ஆராய்ந்தவர். அவரை எந்தத் துறையின் வருகைப்பதிவேட்டில் அடைப்பது? 2024 டிசம்பரில் சென்னை ஐஐடி வெளியிட்ட ‘தரணி’யும் அப்படித்தான். கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 வெட்டுகளிலிருந்து முப்பரிமாணமாக எழுப்பிய அந்தப் பணியில் மருத்துவமும் பொறியியலும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தினார்கள். நனைந்து நனைந்து அவர்கள் மனத்தில் தானாக உருவான வெள்ள வரைபடம் அது. அதை முன்கூட்டியே ஊருக்கெல்லாம் வரைந்து தர நீரியல் தெரிந்தவர் வேண்டும். நிறமும் தெரிந்திருக்க வேண்டும். ஆபத்தைச் சிவப்பிலும் பாதுகாப்பைப் பச்சையிலும் தீட்டினால், அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாதவர்களுக்கு இரண்டு தெருவும் ஒன்றே. அளவுகோலைக் கொஞ்சம் இழுத்தால் சிறு உயர்வும் மலையாகிவிடும் என்பதை, தேர்தல்கால விளம்பர வரைபடங்களைப் பார்ப்பவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, ஆறு தாளில் இரண்டு வடிவியலுக்கும் ஒளியின் கணக்குக்கும். ஒன்று கண்ணும் மூளையும் படத்தை எப்படி வாசிக்கின்றன என்பதற்கு. ஒன்று ஜிபியு நிரலாக்கத்துக்கு. ஒன்று உண்மைத் தரவைப் படமாக்க. கடைசித் தாள் முழுக்கச் செய்முறை, அதுவும் மாணவரின் சொந்தத் துறைச் சிக்கலைக் கொண்டு. எழுத்துத் தேர்வு பாதி மதிப்பெண்ணைத் தாண்டக் கூடாது.

காசில்லை என்று கல்லூரிகள் சொல்ல முடியாது. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் இலவசம், வெப்ஜிஎல் சாதாரண பிரவுசரிலேயே ஓடும். ஆசிரியர் பற்றாக்குறைதான் மெய்யான தடை. அதனால் நானூறு கல்லூரிகளில் ஒரே நாளில் தொடங்கி, அனிமேஷன் பயிற்சி மையத்துக்குக் குத்தகைக்கு விடுகிற கூத்து வேண்டாம். கிண்டியில் பொறியியல் கல்லூரியும் கட்டடக்கலைப் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. முதல் வகுப்பை இரு தரப்பு ஆசிரியர்களும் சேர்ந்து அங்கே எடுக்கட்டும்.