பாரியின் காடு யார் கையில்?

காந்திபுரத்தில் கிராஸ்கட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் வீதி ஒன்றில் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட்டும் ஆடிட்டர் ஆபீஸ் லெட்ஜரும்தான் சோறு போடுகின்றன. இருந்தாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு தொடர்கதைக் கட்டு வரும். வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, சணல் கயிற்றால் கட்டி, மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். அந்த வேலையை மட்டும் பையனிடம் விடமாட்டேன்.

போன மாதம் ஒரே நாளில் இரண்டு கட்டு வந்தது. ஒன்று ‘பொன்னியின் செல்வன்’. 1950-ல் ‘கல்கி’ இதழில் தொடங்கிய தொடர், மணியம் ஓவியங்களோடு. அன்னூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா கொண்டுவந்தார்; அவருடைய அப்பா சேர்த்து வைத்ததாம். இன்னொன்று ‘வேள்பாரி’. 2016 முதல் 2018 வரை ‘ஆனந்த விகட’னில் சு. வெங்கடேசன் எழுதியது, ஓவியம் ம.செ. அதைக் கொண்டுவந்தவன் இன்ஜினியரிங் படிக்கும் பையன். மணியத்தின் மகன்தான் ம.செ. என்கிற மணியம் செல்வன். அப்பா வரைந்த தாளும் பிள்ளை வரைந்த தாளும் என் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

பையன்தான் பேச்சை ஆரம்பித்தான். “ஏனுங்கண்ணா, வேள்பாரிய ஷங்கர் எடுக்கக் கூடாதுங்க. வேற டைரக்டர்கிட்டக் குடுத்தறோணும்.” வெற்றிமாறன் என்றான், ராஜமௌலி என்றான். கூட வந்தவன் விடவில்லை. “எந்திரன் எடுத்த மனுசன்டா” என்றான். முக்கால் மணி நேரம் நடந்தது. பசை காய்ந்துவிட்டது.

நாவலின் திரைப்பட உரிமை ஷங்கரிடம் இருக்கிறது. 2024 செப்டம்பரில், நாவலின் காட்சிகளை வேறு படத்தில் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று வருத்தப்பட்டு அவரே வெளிப்படையாக எழுதினார். 2025 ஜூலையில் சென்னையில் நடந்த வேள்பாரி விழாவில், முன்பு எந்திரன் தன் கனவுப் படமாக இருந்தது, இப்போது வேள்பாரி என்றார். அதற்கு முந்தைய ஜூலையில் ‘இந்தியன் 2’, பொங்கலையொட்டி ‘கேம் சேஞ்சர்’, இரண்டும் ஓடவில்லை. ரசிகர்களின் கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

அந்தக் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. ஓடாத இரண்டு படத்துக்காக ஒருவர் கையிலிருந்து கதையைப் பிடுங்குவதென்றால், ஓடிய இரண்டு படத்துக்காக யார் கையிலும் கொடுத்துவிடலாமா? ஹாரி பாட்டர் வரிசையில் முதல் இரண்டு படங்களை கிறிஸ் கொலம்பஸ் எடுத்தார். மூன்றாவதை 2004-ல் அல்போன்சோ குவாரோன் எடுத்தார். எட்டுப் படங்களில் வசூல் குறைந்தது அதுதான். நல்ல படம் எதுவென்று கேட்டால் இன்றைக்கு நிறையப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். ஆள் மாறியது அங்கே கதைக்கு நல்லதாகவே முடிந்தது. வசூல் அதைக் காட்டவில்லை.

நம் கதைக்கு வருகிறேன். பொன்னியின் செல்வனை 1958-லேயே எம்.ஜி.ஆர். அறிவித்தார். திரைக்கதை எழுத உட்கார்ந்தவர் பின்னாளில் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்த மகேந்திரன். படம் வரவில்லை. கமல்ஹாசனும் முயன்றார். மணிரத்னத்துக்கே பலமுறை கை நழுவி, 2022 செப்டம்பர் 30-ல்தான் முதல் பாகம் திரைக்கு வந்தது. இதிலெல்லாம் இயக்குநர் பெயரைச் சொல்லுகிற நாம் சொல்லாமல் விடுகிற பெயர் ஒன்று இருக்கிறது: இளங்கோ குமரவேல். 1999-ல் மேஜிக் லேண்டர்ன் குழு அந்த ஐந்து பாகத்தையும் மேடையேற்றியபோது அதை நாடகமாகச் சுருக்கி எழுதியவர் அவர். மணிரத்னத்தின் திரைக்கதையிலும் அவர் கை இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கதையோடு கிடந்த மனுசன். எதை விட்டால் கதை நிற்கும், எதை விட்டால் சாயும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அப்படியும் நாவலில் வரும் மணிமேகலை படத்தில் இல்லை. அன்னூர் அம்மாவுக்கு அந்தக் குறை இன்னும் ஆறவில்லை. “அந்தப் புள்ளைய எங்க கண்ணு விட்டாங்க?” என்று என்னிடம் கேட்டார், நான்தான் வெட்டினது போல. வெட்டுகிற வேலை எனக்குத் தெரியும். கட்டிங் மிஷினில் ஓரம் தட்டும்போது ஒரு நூல் உள்ளே போனால் ம.செ. வரைந்த விரல் போய்விடும்.

வேள்பாரியில் அப்படி வெட்டுப்படக் கூடாதது காடு. பாரியின் நண்பர் கபிலர், குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கியவர். வெங்கடேசனின் நாவலிலும் செடியும் கொடியும் விலங்கும் பறவையும்தான் பாரியின் பறம்பு மலைக்குப் படை. மூவேந்தர் போருக்கு யானைகளைக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கில் நிறுத்தலாம். ஷங்கரால் அது முடியும், நாட்டில் அவரைவிட நன்றாகச் செய்கிறவர்கள் குறைவு. எனக்குப் பயம் அதில்தான். எந்த இலை எந்தக் காயத்துக்கு என்று தெரிந்த சனங்களின் கதை, போர்க்காட்சிக்கு முன்னால் பத்து நிமிடம் வந்துபோகிற பச்சைத் திரையாகிவிடக் கூடாது.

ஆகவே, ஷங்கரே எடுக்கட்டும். ஆனால் அவருக்குப் பக்கத்தில் ஒரு குமரவேல் வேண்டும். மேற்கு மலையில் வெள்ளியங்கிரியிலோ ஆனைமலையிலோ செடி பார்த்து நடந்தவர், பேர் தெரிந்தவர், படப்பிடிப்பு முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். ரசிகர்கள் கேட்கவேண்டியது இதைத்தான். எழுதி வைத்திருக்கும் திரைக்கதையில் எத்தனை செடிக்குப் பேர் இருக்கிறது என்று கேளுங்கள்.

பையனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கட்டைத் திருப்பி வாங்கி, நடுவில் ஒரு தாளைப் பிரித்து, பால் பேனாவால் தான் கோடு போட்டிருந்த செடிப் பெயர்களைக் காட்டினான். “இது தையல்ல மறைஞ்சிறாதில்லீங்கண்ணா?” என்றான். மறையாது என்றேன். அதற்காகவே உள் ஓரத்தில் அரை அங்குலத்துக்குத் தாள் ஒட்டி, அதில் தைத்தேன். மைதாப் பசையில் மயில்துத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன், பூச்சி அண்டாது. சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வான்.