முழுக்கக் கழற்றிப் போடணும் சார்!

பழைய வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று ஆள் கூப்பிட்டால் முதலில் வரும் வாக்கியம் இதுதான். வந்தவர் ஓட்டையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அதற்குள் தீர்ப்பு வந்துவிடும். புதுச்சேரியில் பழைய வீடு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் கதை சொல்வார்கள்.

எங்கள் வீடு மாமனார் கட்டியது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. அந்த நாட்டில் பார்த்ததுபோல் தம் வீட்டிலும் செப்புக் குழாய்தான் ஓட வேண்டும் என்று பிடிவாதமாகப் போட்டார். போன ஐப்பசியில் தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டியை மாட்ட வந்த பையன் சமையலறைச் சுவரில் ட்ரில் போட்டான். குழாயில் மிளகு அளவு ஓட்டை விழுந்தது. பார்க்க வந்தவர் போட்ட எஸ்டிமேட் என்ன தெரியுமா? நாற்பது அடிச் சுவரை உடைத்து, செம்பை உருவிவிட்டு, பிளாஸ்டிக் குழாய் பதிப்பது. கூடவே ஒரு கருணை: "பழைய பைப்பை நானே எடுத்துட்டுப் போயிடறேன் சார், உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

நான் குமாஸ்தாவாக இருந்தவன். கணக்குப் போடாமல் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள 15 மி.மீ. செப்புக் குழாய் மீட்டருக்குச் சுமார் 400 கிராம் எடை வரும். நாற்பது அடி என்பது 12 மீட்டர். ஏறக்குறைய ஐந்து கிலோ செம்பு! பழைய இரும்புக் கடையில் செம்பு கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்துப் பாருங்கள். அந்தக் கருணையின் விலை தெரியும்.

அலுவலகத்தில் கோப்பில் ஒரு தாள் கிழிந்தால் அந்தத் தாளை ஒட்டுவோம். கோப்பையே கொளுத்தச் சொன்ன அதிகாரியை நான் பார்த்ததில்லை. குழாய்க்கும் அதே நியாயம்தான். தண்ணீரை நிறுத்தி வடித்துவிட்டு, அடிபட்ட இடத்தில் நாலு அங்குலம் அறுத்து எடுக்க வேண்டும். முனைகளை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஃப்ளக்ஸ் தடவி, புதுத் துண்டை இரண்டு பக்கமும் இணைப்பு வளையம் போட்டுச் செருக வேண்டும். பிறகு நெருப்பை வளையத்தின் மேல் காட்ட வேண்டும், பற்றுக் கம்பியின் மேல் அல்ல. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். சூடேறிய இடுக்கு உருகிய ஈயத்தைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாயில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் சூடு ஏறாது. அதற்குப் பழைய ஆட்கள் உள்ளே ரொட்டித் துண்டை அடைப்பார்கள். வேலை முடிந்து தண்ணீர் விட்டால் அது கரைந்து போய்விடும்.

இது ஒன்றும் வெளிநாட்டு வித்தை இல்லை. நவச்சாரம் போட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர் நம் தெருவில் செய்ததும் இதே வேலைதான்.

"இப்பல்லாம் காப்பர் பத்தவைக்க ஆள் ஏது சார்?" என்பார்கள். ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்! ஏ.சி. மெக்கானிக் தினமும் செப்புக் குழாயைத்தானே பற்றவைக்கிறார்? எங்கள் வீட்டு ஓட்டையை அடைத்தவரும் அவர்தான். ஒரு முழச் சுவரைக் கொத்தியதோடு வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சில் குழாய்க்காரருக்கு 'ப்ளோம்பியே' என்று பெயர். பள்ளியில் படித்தது. 'ப்ளோம்' என்றால் காரீயம். ஆங்கில பிளம்பருக்கும் அதே லத்தீன் வேர்தான். காரீயம் பெயரில் இருக்கட்டும், குடிக்கிற தண்ணீரில் வேண்டாம். குடிநீர்க் குழாயில் காரீயப் பற்று கூடாது என்று அமெரிக்காவில் 1986-லேயே சட்டம் போட்டார்கள். ரேடியோக் கடைப் பற்றுக் கம்பியை வாங்கிவந்து ஒட்ட விடாதீர்கள்.

பிளாஸ்டிக்கை நான் பழிக்கவில்லை. விலை குறைவு, உப்புத் தண்ணீருக்குத் துருப்பிடிக்காது. செப்புக் குழாயில் நாலைந்து இடத்தில் ஊசித் துளை விழுந்திருந்தால் அது உள்ளிருந்து அரிக்கும் வியாதி. அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் ட்ரில் பட்ட ஓட்டை வெறும் காயம். காயத்துக்குக் காலையே வெட்டுவார்களா?

சுவரையும் நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். நாற்பது அடி உடைத்துச் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்புப் பூத்து, பக்கத்துக் காரை பொரிந்து விழும். அப்போது இன்னொருவர் வருவார்: "சுவரை முழுக்க இடிச்சுடணும் சார்."

அடுத்த முறை யாராவது இப்படிச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். ஓட்டை எத்தனை? எதனால் விழுந்தது? பழைய செம்பு யாருக்கு? மூன்றாவது கேள்விக்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.