மெழுகு கலந்த தண்ணீர்: பம்ப் பில் யார் கட்டுவது?

ஒரு கிலோ தண்ணீரை 5 டிகிரி சூடாக்க சுமார் 21 கிலோஜூல் போதும். ஒரு கிலோ ஆக்டாடெக்கேன் மெழுகோ, 28 டிகிரியில் உருகும்போதே சுமார் 240 கிலோஜூலை விழுங்கிவிடும்!

இந்த மெழுகை நுண்ணிய பிளாஸ்டிக் உறைகளில் அடைத்து, தண்ணீரில் 10 சதவீதம் கலந்தால், உருகுநிலையை ஒட்டிய அந்த 5 டிகிரிக்குள் அது சுமக்கும் வெப்பம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதாவது, சர்வர்களைக் குளிர்விக்க பாதி ஓட்டமே போதும். செம ஐடியாதான்.

அப்போ 30 சதவீதம் கலக்கலாமே? அங்கேதான் சிக்கல். உறைகள் கூடக் கூட திரவத்தின் பிசுக்குத்தன்மை சீராக ஏறாது, எகிறும். தண்ணீராக ஓடியது கஞ்சி மாதிரி இழுக்கும். ஓட்டத்தில் கொந்தளிப்பு அடங்கிவிடுவதால், குழாய்ச் சுவரின் சூடு நடுவில் ஓடும் மெழுகைச் சரியாகச் சென்றடையாது. உருகாத மெழுகு சும்மா சுற்றிவரும் சுமைதான். அதைத் தள்ள பம்ப் கூடுதல் கரண்ட் குடிக்கும். பம்பில் அடிபட்டு உறைகள் உடையும் தொல்லை வேறு.

எனவே வெப்பக் கொள்ளளவை மட்டும் காட்டி விற்பது பாதிக் கணக்கு. ஒரு யூனிட் பம்ப் மின்சாரத்துக்கு எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது, ஆயிரக்கணக்கான சுற்றுக்குப் பிறகு எத்தனை உறைகள் மிஞ்சுகின்றன? இந்த இரண்டு எண்களையும் வாங்குபவர் கேட்டு வாங்க வேண்டும்.