ஜேம்ஸ்டவுன்: பெயரை நம்ப வேண்டாம்

கானாவின் தலைநகர் அக்ராவில், கடலை ஒட்டிய பழைய பேட்டைக்கு ஜேம்ஸ்டவுன் என்று பெயர். பெயரை வைத்து, இது ஆங்கிலேயர் உண்டாக்கிய ஊர் என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆங்கிலேயர் கட்டியது கோட்டையைத்தான், ஊரை அல்ல. 1673-இல் ஜேம்ஸ் கோட்டை எழும்பியபோதே அந்த இடம் கா இன மக்களின் ஊர். பக்கத்தில் டச்சுக்காரர்கள் 1649-இல் கட்டிய கோட்டை, கிழக்கே ஓசுவில் டென்மார்க்காரர்களின் கோட்டை. முதலில் தங்கத்துக்காக வந்தவர்கள், பிறகு மனிதர்களையே வாங்கி ஏற்றுமதி செய்தார்கள்.

அங்குள்ள ஒரு பகுதியின் பெயரைக் கவனியுங்கள்: ங்லேஷி அலாடா. ங்லேஷி என்றால் கா மொழியில் ஆங்கிலேயர். அலாடா என்பது இன்றைய பெனின் நாட்டு அல்லாடாவைக் குறிக்கும். அந்தப் பக்கத்திலிருந்து கோட்டை வேலைக்கு வந்தவர்கள் அங்கேயே தங்கி, கா சமூகத்தில் கலந்துபோனார்கள். 1836-இல் பிரேசிலிலிருந்து திரும்பிய விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்களும் அக்ராவில் அப்படித்தான் கலந்தார்கள். அவர்களுக்குத் 'தபோம்' என்று பெயர்; போர்த்துகீசிய மொழியில் 'நலம்' என்று பொருள். குசலம் கேட்டால் சொல்லும் பதிலே குலப்பெயராகிவிட்டது!

ஜேம்ஸ்டவுன் ஒரு காலத்தில் துறைமுகமாகவும் இருந்தது. துறைமுகம் என்றதும் பாரந்தூக்கிகளையும் கப்பல் தளங்களையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கரையருகே ஆழம் போதாது, அலையும் ஓயாது. கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, துடுப்புப் படகுகள்தான் போய்வரும். கோகோ மூட்டைகள் அப்படித்தான் கப்பலேறின. மோட்டார் கார் வந்தால், இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, குறுக்கே பலகை போட்டு அதன்மேல் இறக்குவார்கள். அலை பார்த்துத் துடுப்பு போட்ட அந்தப் படகோட்டிகள்தான் உண்மையான துறைமுகம் என்பேன். 1962-இல் தேமா துறைமுகம் திறந்ததும் படகோட்டிகளின் பிழைப்பு முடிந்தது.

ஜேம்ஸ் கோட்டை பின்னர் சிறையானது. அங்கே அடைபட்டிருந்த விடுதலைப் போராட்டத் தலைவர் குவாமே நிக்ருமா, 1951 தேர்தலில் சிறைக்குள் இருந்தபடியே அக்ராவில் வென்று, விடுதலையாகி அரசமைக்கப் போனார்.

சரக்குக் கப்பல்கள் போய்விட்டாலும் மீன்பிடிப் படகுகள் இருக்கின்றன. அங்குள்ள கலங்கரை விளக்கத்தைப் படமெடுத்ததும் திரும்பிவிடாமல் கரைக்கும் இறங்கிப் பாருங்கள். செவ்வாயன்று மட்டும் மீன் வாங்கப் போகாதீர்கள். கடல் தெய்வத்துக்கு உரிய நாள் என்று கா மீனவர்கள் அன்று கடலுக்குப் போவதில்லை.