உழைக்கும் கணினிக்கு ஓய்வு கொடுப்பது யார்?

பத்தாண்டுகளுக்கு முன்பு கணினியில் அமர்ந்து பணிபுரிந்தவர்களுக்கு ஓர் அறிவிப்புப் பெட்டி நினைவிருக்கலாம். விண்டோஸ் 7, விண்டோஸ் 8.1 இயங்குதளங்களைக் கொண்ட கணினிகளின் திரையில் அது திரும்பத் திரும்பத் தோன்றும். விண்டோஸ் 10-க்கு இலவசமாக மாறும்படி அழைக்கும். 2016-ஆம் ஆண்டில் அந்த அழைப்பு வற்புறுத்தலாகவே மாறியது. மாற்றத்துக்கான தேதியைப் பெட்டியே குறித்துவிடும். வேண்டாம் என்று எண்ணி மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி அதை மூடினாலும், அது மறுப்பாகக் கருதப்படவில்லை. குறித்த நேரத்தில் புதிய இயங்குதளம் குடியேறிவிடும். தான் கேட்காமலேயே வந்த இயங்குதளத்தால் அலுவலகக் கணினி முடங்கியது என்று வழக்குத் தொடுத்த கலிஃபோர்னியா பயண முகவர் ஒருவர், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திடமிருந்து 10,000 டாலர் இழப்பீடு பெற்றார்.

அன்று வேண்டாம் என்றவர்களையும் விடாமல் இழுத்துச் சென்ற அதே நிறுவனம், இன்று வருகிறேன் என்பவர்களுக்குக் கதவை அடைக்கிறது. 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறுங்கள் என்பது நிறுவனத்தின் அறிவுரை. ஆனால், மாற விரும்பிய பலரிடம், 'உங்கள் கணினி தகுதி பெறவில்லை' என்று அதே நிறுவனத்தின் மென்பொருள் கூறுகிறது. ஆதரவு முடிந்த அந்த மாதத்தில்கூட உலகின் விண்டோஸ் கணினிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் விண்டோஸ் 10-இல்தான் இயங்கிக்கொண்டிருந்தன என்கிறது ஸ்டேட்கவுன்ட்டர் நிறுவனத்தின் கணக்கு.

கணினி ஓடுகிறது; விசைப்பலகை பழுதில்லை; கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் அது போதும். ஆனாலும், அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்கிறார்கள். இந்தச் சர்ச்சையைப் புதுமைக்கும் பழைமைக்கும் இடையிலான சண்டையாகப் பார்ப்பது தவறு. பணம் கொடுத்து வாங்கிய ஒரு பொருளின் ஆயுளைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பதே இதில் அடங்கியுள்ள கேள்வி.

விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளில் 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் பெரிய தடைகள் அல்ல. தடையாக இருப்பவை இரண்டு. ஒன்று, 'டிபிஎம் 2.0' எனப்படும் பாதுகாப்புக் கூறு. கடவுச்சொற்கள், மறையாக்கத் திறவுகோல்கள் போன்றவற்றைக் கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்துப் பாதுகாப்பது அதன் வேலை. மற்றொன்று, கணினியின் மூளையாகிய பிராசசர் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பது. இன்டெல் நிறுவனத்தின் பிராசசர்களைப் பொருத்தவரை 2017-இல் அறிமுகமான எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் மட்டுமே பொதுவாக ஏற்கப்படுகின்றன.

நிறுவனத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. ஓர் இயங்குதளத்துக்குப் பத்தாண்டு ஆதரவு என்பது குறைவான காலம் அல்ல. பழைய மென்பொருளில் புதிய ஓட்டைகளைத் தேடி அடைத்துக்கொண்டே இருப்பதற்கு ஆள்பலமும் பணமும் தேவை. கணினியைப் பணயமாகப் பிடித்துவைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் பெருகிவிட்ட காலத்தில், பாதுகாப்பை மென்பொருளோடு நிறுத்தாமல் வன்பொருளிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற வாதத்தைப் பொறியாளர்கள் பலரும் ஒப்புக்கொள்கின்றனர்.

ஆனால், பத்தாண்டு என்ற கணக்கு இயங்குதளம் வெளியான நாளிலிருந்து தொடங்குகிறது. கணினியை வாங்கியவரின் கணக்கோ, அவர் பணம் கொடுத்த நாளிலிருந்து தொடங்குகிறது. 2018-இல் கடையில் புதிதாக விற்கப்பட்ட ஏழாம் தலைமுறைக் கணினியை வாங்கியவருக்குக் கிடைத்தது ஏழாண்டு மட்டுமே. இது அப்போது அவருக்குச் சொல்லப்படவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. ஏனெனில், விண்டோஸ் 11-க்கான தகுதிகள் 2021-இல்தான் அறிவிக்கப்பட்டன. விண்டோஸ் 10-தான் கடைசிப் பதிப்பு என்று 2015-இல் அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே மேடையில் பேசியிருந்தார்.

விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2018-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த விலையுயர்ந்த 'சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2' கணினியில் இருந்ததும் ஏழாம் தலைமுறை பிராசசர்தான். அந்த பிராசசர், குறிப்பிட்ட சில கணினிகளில் இருந்தால் ஏற்கப்படும் என்று 2021 ஆகஸ்டில் விலக்கு அளிக்கப்பட்டது. அதே தலைமுறையைச் சேர்ந்த மற்ற பிராசசர்களில் பெரும்பாலானவை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. விலக்குக்குத் தொழில்நுட்பக் காரணங்கள் கூறப்பட்டாலும், எல்லைக்கோட்டை வரைபவரால் அதைச் சற்று நகர்த்தவும் முடியும் என்பதற்கு இதுவே சான்று.

ஆதரவு முடிந்ததும் கணினி நின்றுவிடுவதில்லை. அது வழக்கம்போல் இயங்கும். புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் மட்டும் வருவதில்லை. ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால்தான் அது அலட்சியப்படுத்தப்படுகிறது. அந்த அலட்சியத்தின் விலையை 2017 மே மாதம் உலகம் கண்டது. 'வான்னகிரை' என்னும் தீநிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் 19,000-க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கக்கூடும் என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. ஆதரவு முடிந்து மூன்றாண்டுகள் கடந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

அந்தத் தாக்குதல் கற்பித்த பாடம் இன்னொன்றும் உண்டு. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7-ஐக் கொண்டவை. அவற்றுக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டது. ஆனால், அது நிறுவப்படவில்லை. மருந்து இருந்தும் உட்கொள்ளாத நோயாளியின் நிலை அது.

ஏன் நிறுவுவதில்லை? சோம்பலும் நிர்வாகக் குறைபாடும் காரணங்கள்தாம். கூடவே நம்பிக்கையின்மையும் இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தம் வரும் அதே வழியில்தான் புதிய தோற்றமும், இடம் மாறிய பொத்தான்களும், கேட்காத விளம்பரங்களும், இணையக் கணக்கு தொடங்கச் சொல்லும் கட்டாயமும் வந்து சேர்கின்றன. திரையில் நடப்பதை அவ்வப்போது படமெடுத்துச் சேமிக்கும் 'ரீகால்' என்ற வசதி 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பால், அது தள்ளிவைக்கப்பட்டது. பயனர் விரும்பினால் மட்டுமே இயங்கும் என்றும் மாற்றப்பட்டது. எதிர்ப்பு எழாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற ஐயம் பயனருக்கு எழுவது இயல்பே. மருந்துக் குப்பியில் வேறு எதையெல்லாமோ கலந்து கொடுத்தால், நோயாளி மருந்தையே மறுக்கத் தொடங்குவார்.

விண்டோஸ் 10-இல் தொடர விரும்பும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதற்கு 30 டாலர் செலுத்த வேண்டும். அல்லது கணினியின் அமைப்புகளை நிறுவனத்தின் இணையச் சேமிப்பகத்தோடு இணைக்க வேண்டும். அல்லது அந்த நிறுவனத்தின் வெகுமதிப் புள்ளிகள் ஆயிரத்தைக் கொடுக்க வேண்டும். நுகர்வோர் அமைப்புகள் குரல் எழுப்பிய பிறகு, ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும் அமைப்புகளை இணைக்கும் நிபந்தனை இன்றியே இலவசமாக வழங்க நிறுவனம் இசைந்தது. வணிக நிறுவனங்களுக்கோ ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது ஆண்டுதோறும் இருமடங்காகும். மூன்றாண்டுக்குச் சேர்த்து 427 டாலர். அந்தத் தொகைக்குப் புதிய கணினியே வாங்கிவிடலாம்.

இதிலிருந்து தெளிவாவது ஒன்று: திருத்தங்கள் தொடர்ந்து தயாரிக்கப்படுகின்றன. அவற்றை யாருக்கு, என்ன விலைக்குத் தருவது என்பது வணிக முடிவு. சட்டமும் நுகர்வோர் அமைப்புகளும் வலுவாக உள்ள இடத்தில் அந்த முடிவு இளகுகிறது.

இந்தியாவுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். நம் ஊர்களில் அச்சகம், டிடிபி மையம், பத்திர எழுத்தர் அலுவலகம், பள்ளிக் கணினி ஆய்வகம் என எங்கு நோக்கினும் பழைய கணினிகளே உழைத்துக்கொண்டிருக்கின்றன. யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களையும், அவற்றுக்கேற்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளையும் நம்பித் தொழில் நடத்துவோர் இன்னும் இருக்கிறார்கள். இயங்குதளத்தை மாற்றுவது அவர்களுக்கு ஒரு பிற்பகல் வேலையன்று. பல ஆண்டுக் கோப்புகளை மீண்டும் திறக்க முடியுமா என்ற கவலை.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றில் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவை எவையும் விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலில் இடம்பெற வழியில்லை. ஒரு குடும்பத்தின் முதல் கணினியாக வீட்டுக்குள் நுழைந்து, அண்ணனிடமிருந்து தங்கைக்குக் கைமாறி, இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றையும் இந்தக் கெடு ஒதுக்கிவைக்கிறது. சுமார் 24 கோடி கணினிகள் இந்த மாற்றத்தால் கழிவாகக்கூடும் என்று கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது. மின்னணுக் கழிவைக் கையாள நம்மிடம் 2022-ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. ஆனால், கழிவான பிறகு என்ன செய்வது என்பதைவிட, கழிவாகாமல் தடுப்பது எப்படி என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

'லினக்ஸுக்கு மாறுங்கள்' என்பது உடனே கிடைக்கும் பதில். அது வெறும் கனவு அல்ல. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் பாடம் நடத்துகின்றன. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், தமிழக மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்த்து வழங்கப்பட்டது. ஆனால், வழங்கியதோடு நின்றால் போதாது. பயிற்சியும், பழுது பார்க்க ஆளும், வேலைவாய்ப்பில் மதிப்பும் இல்லாத இயங்குதளம் கணினியின் ஒரு மூலையில் உறங்கத்தான் செய்யும்.

இதற்கு ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி ஓர் எச்சரிக்கை. 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றிய பின், 2017-இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், 30,000 அரசுக் கணினிகளை படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றும் முடிவை 2024-இல் அறிவித்தது. தொழில்நுட்பம் ஒன்றுதான், அரசியல் உறுதியும் தொடர்ச்சியும்தான் வேறுபடுகின்றன.

ஒவ்வொருவரும் லினக்ஸ் கற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதைவிட, விற்பவர்மீது கடமையைச் சுமத்துவதே நடைமுறைக்கு உகந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டம், இணையத்துடன் இணையும் பொருள்களுக்குக் குறைந்தபட்சம் எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்பதை விற்கும்போதே கூற வேண்டும் என்கிறது. ஆனால், மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் அது விலக்கு அளித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, மென்பொருளையும் உள்ளடக்கிய மின்னணுப் பொருள்களுக்குப் பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாத ஆதரவைக் கோரும். இந்தியாவிலும் கைப்பேசிகளுக்கான 'பழுதுநீக்கத் தகுதிக் குறியீடு' குறித்து மத்திய நுகர்வோர் விவகாரத் துறையிடம் 2025-இல் நிபுணர் குழு அறிக்கை அளித்துள்ளது. மென்பொருள் மேம்படுத்தல்களும் அதன் அளவுகோல்களில் ஒன்று. அதைக் கணினிகளுக்கும் விரிவாக்குவது கடினமான காரியம் அன்று.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. குளிர்சாதனப் பெட்டியின்மீது நட்சத்திரக் குறி ஒட்டப்படுவதுபோல, 'இந்தக் கணினிக்கு இந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும்' என்ற வாசகம் ஒவ்வொரு கணினியின் பெட்டியிலும் அச்சிடப்பட வேண்டும். அந்தக் காலம் விற்பனை நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். இரண்டாவதாக, பாதுகாப்புத் திருத்தங்களைப் புதிய வசதிகளிலிருந்து பிரித்து வழங்க நிறுவனங்களை வலியுறுத்த வேண்டும். மூன்றாவதாக, மக்கள் வரிப்பணத்தில் மொத்தமாகக் கணினி வாங்கும்போது, இந்த இரு நிபந்தனைகளையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்க்க வேண்டும். லட்சக்கணக்கில் வாங்குபவரின் பேச்சுக்கு விற்பவர் செவிசாய்த்தே தீர வேண்டும்.

எந்த இயந்திரமும் நிரந்தரம் அல்ல, இயங்குதளமும் அப்படியே. ஒரு நாள் ஓய்வு கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால், அந்த நாள் எது என்பது வாங்கும்போதே வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்கி மூன்றாண்டு கழித்து விற்றவர் அறிவிப்பதாக இருக்கக் கூடாது.