குழந்தை சொத்தன்று

தம்பதிகள் பிரிய நேரிடுவது துயரமான விஷயமே. ஆயினும் ஒரே கூரையின்கீழ் ஓயாத சச்சரவில் காலங்கழிப்பதைவிடச் சில சமயங்களில் பிரிவே மேலென்பதை நாம் மறுக்கவில்லை. நாம் இன்று கேட்க விரும்புவது வேறு. வீட்டைப் பங்கிடலாம்; நகையைப் பங்கிடலாம்; பாத்திர பண்டங்களையும் பங்கிடலாம். குழந்தையைப் பங்கிட முடியுமா?

தாம்பரத்துக்குத் தெற்கே, வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, ரயில் பாதையை ஒட்டி வளர்ந்திருக்கும் ஊரப்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். உத்தியோக நிமித்தம் பல ஜில்லாக்களிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே பல. சச்சரவு வந்தால் சமாதானம் செய்துவைக்கப் பாட்டனாரும் தாய்மாமனும் அடுத்த தெருவில் இல்லை. பிரிந்த தாய் குழந்தையுடன் ஊரப்பாக்கத்திலும், தந்தை சென்னை நகரிலும் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை குழந்தையை யார் அழைத்துச் செல்வது? தீபாவளி எந்த வீட்டில்? பள்ளிச் சம்பளம் யார் கட்டுவது? காய்ச்சல் கண்டால் மற்றவருக்குத் தெரிவிப்பதா, வேண்டாமா? இச்சிறு கேள்விகளுக்கு விடை காணாமையால்தான் மனுவின்மேல் மனுவாகச் செங்கற்பட்டுக் குடும்ப நீதிமன்றத்தின் வாசலில் வந்து குவிகின்றன.

செங்கற்பட்டு நியாயஸ்தலத்துக்கு இத்தகைய வழக்கு புதிதன்று. ஜே. கிருஷ்ணமூர்த்தி, அவர் தம்பி நித்யானந்தம் ஆகிய இருவரையும் பற்றிய வழக்கு 1912ல் முதலில் அந்த ஜில்லாக் கோர்ட்டில்தான் தாக்கல் ஆயிற்று. தகப்பனார் நாராயணய்யா 1910ல் ஸ்ரீமதி அன்னி பெஸண்ட் அம்மையாருக்குக் கொடுத்த போஷகர் உரிமையைத் திரும்பக் கேட்டார். பிள்ளைகளோ அச்சமயம் இங்கிலாந்தில் இருந்தனர். வழக்கு சென்னை ஹைக்கோர்ட்டுக்கு மாற்றப்பட்டது; 1913ல் தகப்பனார் வென்றார்; 1914ல் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. பின்னர் சுயராஜ்யக் கிளர்ச்சிக்குத் தலைமை வகித்து, 1917ல் காங்கிரஸ் அக்கிராசனம் ஏறிய அம்மையார் ஒரு பக்கம். பெற்ற தகப்பன் மறுபக்கம். பெரியோர் இருவரும் வாதாடினர். ஆனால் பிள்ளைகளின் விருப்பம் யாது, அவர்களுடைய க்ஷேமம் எதில் என்பது செவ்வையாக விசாரிக்கப்படவில்லை. பிரிவி கவுன்சில் கண்ட பெருங்குறைகளில் அதுவும் ஒன்று. நூறாண்டு கடந்தும் அக்குறை நம்மை விட்டு நீங்கிற்றா?

சட்டம் சும்மா இருந்துவிடவில்லை. வயதும் விவேகமும் வந்த மைனரின் விருப்பத்தைக் கோர்ட்டார் கருதலாமென்று 1890ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. 1956ஆம் வருஷத்து ஹிந்து மைனர் சட்டம் குழந்தையின் நலமே தலையாயது என்று விதித்து, ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்றது. எனினும் அதே சட்டம் தகப்பனை முதற் போஷகராகவும், அவருக்குப் பின்னரே தாயையும் வைத்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999ல் சுப்ரீம் கோர்ட்டு, தகப்பன் உயிரோடிருக்கையிலும் தாய் போஷகராக இருக்கக்கூடும் என்று அதற்குப் பொருள் கண்டது. பொருள் திருந்தியது, வாசகம் திருந்தவில்லை.

எனவே தத்துவத்தில் குறைவில்லை, ஏற்பாட்டில்தான் குறைவு. விவாக ரத்துக்கு மனுச் செய்யும் தம்பதிகள், குழந்தையை வளர்க்கும் முறையைப் பற்றி ஓர் எழுத்து மூலமான திட்டத்தையும் கூடவே கொடுக்கவேண்டும் என்று சட்டம் விதிப்பது அவசியமென்பது நமது அபிப்பிராயம். வாரநாட்கள், விடுமுறைகள், பண்டிகைகள், படிப்புச் செலவு, வைத்தியம், பாட்டன் பாட்டியரைக் காண்பது, ஒருவர் வேறூருக்குக் குடிபெயர்ந்தால் செய்யவேண்டியது எல்லாம் அதில் அடங்கவேண்டும். குழந்தை வளர வளர அதைத் திருத்திக்கொள்ளவும் இடமிருக்கவேண்டும். இத்தகைய திட்டங்களையும், தாய் தந்தையர் கூட்டாக வளர்க்கும் முறையையும் சட்டக் கமிஷன் 2015ல் தனது 257ஆவது அறிக்கையில் ஆராய்ந்து சிபார்சு செய்திருக்கிறது. அச்சிபார்சு இன்னும் சட்டமாகவில்லை. பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகள் இதுபற்றி வாய் திறப்பார்களா?

கூட்டு வளர்ப்பு என்ற பெயரால் கொடுமை செய்தவன் மறுபடியும் வீட்டுக்குள் நுழைய வழி செய்துவிடலாமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடியும் உதையும் நிகழ்ந்த இடத்தில் 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமே முன்நிற்கவேண்டும். அங்கே சமபங்கு பேசுவது அநியாயம். ஆனால் அத்தகைய காரணம் ஏதுமின்றி, ஜீவனாம்சம் வரவில்லை என்று குழந்தையை ஒளிப்பதும், குழந்தையைக் காட்டவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்துவதும் ஒரே தராசில் நிற்கும் குற்றங்களே. இரண்டிலும் பட்டினி கிடப்பது குழந்தைதான். ஒன்றில் வயிறு, மற்றொன்றில் மனம்.

குழந்தையின் விருப்பத்தைக் கேட்கவேண்டும் என்றோம். நாலு பேர் முன்னிலையில் நிறுத்தி, "அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா?" என்று கேட்பது விசாரணை ஆகாது, அது சித்திரவதை. நீதிபதி தனியே, பரிவோடு, தக்க ஆலோசகர் துணையுடன் அறியவேண்டியது அது. தீர்ப்பின் பாரத்தைப் பிஞ்சுத் தோளில் ஏற்றலாகாது.

தேசத்தொண்டில் ஈடுபட்ட நம் வாசகர்களிடம் சொல்ல ஒன்றுண்டு. உங்கள் தெருவிலும் இத்தகைய வழக்கு நடக்கலாம். "யார் ஜெயித்தார்?" என்று கேட்கும் வழக்கத்தை நாம் முதலில் விட்டொழிக்க வேண்டும். பிரிந்தவர்களை ஒருமுறையேனும் எதிரெதிரே அமரச் செய்து, குழந்தைக்கான ஒரு காகிதத்தை எழுதச் செய்யுங்கள். வழக்கு முடியுமட்டும் பால்யம் காத்திராது. ஜனங்களுக்குச் சுதந்திரம் கேட்டுப் போராடிய நாடு இது. தன் வீட்டுக் குழந்தையைப் பண்டமாக நடத்தும் சமூகத்துக்கு அச்சுதந்திரத்தின் பொருள் இன்னும் விளங்கவில்லை என்றே நாம் கருதுவோம்.